நியூரோபெப்டைடு ஏற்பிகளைப் படிப்பது எப்படி? வாசோபிரெசினை வைத்து ஒரு பயிற்சி

என்கே1, ஒய்5, வி1ஏ, ஓஎக்ஸ்2... நியூரோபெப்டைடு (நரம்புச் செல்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் சிறு அமினோ அமிலச் சங்கிலி) ஏற்பிகளின், அதாவது அவற்றைப் பிடித்துச் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் புரதங்களின், பட்டியலை முதன்முதலில் பார்ப்பவர்களுக்குத் தலை சுற்றும். அதை மனப்பாடம் செய்ய வேண்டாம். எந்த ஏற்பி வந்தாலும் சில கேள்விகளை வரிசையாகக் கேட்டுப் பழகினால் போதும். வாசோபிரெசினை வைத்துப் பார்ப்போம். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உருவாகும் இந்த நியூரோபெப்டைடில் மொத்தமே 9 அமினோ அமிலங்கள்தான்.

படி 1: யாருடைய ஏற்பி?

பெரும்பாலும் பெயரே சொல்லிவிடும். வி என்றால் வாசோபிரெசின், ஒய் என்றால் நியூரோபெப்டைடு ஒய். ஒரே பெப்டைடுக்குப் பல ஏற்பிகள் இருப்பதால் எண் சேர்கிறது. வாசோபிரெசினுக்கு வி1ஏ, வி1பி, வி2 என மூன்று. எண்களை மட்டும் ரொம்ப நம்பாதீர்கள். ஒய்1, ஒய்2, ஒய்4, ஒய்5 உண்டு. ஒய்3 இருப்பதாக ஒரு காலத்தில் கருதினார்கள், அதற்கான ஜீன் கிடைக்கவே இல்லை.

படி 2: எந்த வகுப்பு?

ஏறக்குறைய எல்லாமே செல் சவ்வை ஏழு முறை ஊடுருவிச் செல்லும் ஜிபிசிஆர் (ஜி புரதத்துடன் இணைந்து வேலை செய்யும் ஏற்பி) வகைப் புரதங்கள். ஓபியாய்டு, ஓரெக்சின், வாசோபிரெசின் ஏற்பிகள் ஏ வகுப்பு. சிஜிஆர்பி, சிஆர்எஃப் என்ற பெப்டைடுகளின் ஏற்பிகள் பி வகுப்பு. பி வகுப்பு ஏற்பிகளுக்குச் செல்லுக்கு வெளியே பெரிய தலைப்பகுதி உண்டு, பெப்டைடின் ஒரு முனையை அது பிடித்துக்கொள்ள, மறுமுனை ஏற்பியின் உள்ளே இறங்கும்.

வகுப்பு என்பது புரத வரிசையின் ஒற்றுமையை வைத்துப் பிரித்தது. அதை வைத்து, ஏற்பி செல்லுக்குள் என்ன சிக்னல் அனுப்பும் என்று சொல்லிவிட முடியாது. தொடக்கத்தில் பலரும் வழுக்குவது இங்கேதான்.

படி 3: எந்த ஜி புரதம்?

இதுதான் முக்கியமான கேள்வி. பெப்டைடு ஒட்டியதும் ஏற்பி வளைந்துகொடுக்கும். சவ்வின் உட்புறம் உள்ள ஜி புரதம் (ஏற்பியிடமிருந்து செய்தியை வாங்கிச் செல்லுக்குள் கடத்துவது) தன்னிடமிருந்த GDP என்ற மூலக்கூறை விட்டுவிட்டு, அதைவிட ஒரு பாஸ்பேட் கூடுதலாக உள்ள GTP மூலக்கூறை எடுத்துக்கொள்ளும்.