‘வெங்காயத்தை எடுத்துவிட்டுத்தான் கொடுத்தேன்’: நாய்க்கு உணவிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கைவிடப்பட்ட நாய்களை வீட்டில் வைத்துத் தேற்றி, நல்ல இடம் பார்த்து அனுப்பும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். சாக்லேட் ஆகாது, மது ஆகாது என்பதெல்லாம் புதிதாக வருகிறவர்களுக்கே தெரிந்திருக்கிறது. அவற்றை விட்டுவிடுகிறேன். நான் முன்பு ஒருமுறை செய்த தவறையே அண்மையில் ஒரு நண்பர் அப்படியே செய்ததைப் பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வெங்காயத் துண்டுகளை எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பது

என்னிடம் இருந்த ஆறு கிலோ பெண் நாய் ஒருமுறை காய்ச்சலில் சாப்பாட்டைத் தொடவில்லை. கோழியை வெங்காயம், பூண்டோடு வேகவைத்து, துண்டுகளை வடிகட்டிவிட்டுச் சாற்றை மட்டும் வைத்தேன். கிண்ணத்தை நக்கித் துடைத்தது. மகிழ்ந்துபோய் மூன்று நாள் தொடர்ந்து கொடுத்தேன். ஐந்தாம் நாள் படியேறும்போது பாதியிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கியது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு காகிதம்போல் வெளுத்திருந்தது. சிறுநீர் செம்பழுப்பாகப் போனது. என்ன கொடுத்தீர்கள் என்று மருத்துவர் கேட்டதற்கு, “ஒன்றும் இல்லை டாக்டர், சூப் மட்டும்தான்” என்றேன்.

வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. வேகவைத்தாலும், உலர்த்தினாலும், பொடியாக்கினாலும் அந்த நஞ்சு போவதில்லை. துண்டை எடுத்துவிட்டாலும் அது சாற்றில் இறங்கியிருக்கும். நாயின் எடையில் கிலோவுக்கு 15 கிராம் வெங்காயமே ரத்தத்தைப் பாதிக்கப் போதுமானது. ஐந்து கிலோ நாய்க்கு 75 கிராம், அதாவது ஒரு நடுத்தர வெங்காயம். ஒரே நாளில் தின்ன வேண்டும் என்பதும் இல்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் பாதிப்பு சேர்ந்துகொண்டே போகும்.

எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது, அறிகுறி தாமதமாகத் தெரிகிற இந்தத் தன்மையை நினைத்துத்தான். தின்ற அன்று நாய் துள்ளி விளையாடும். “பாருங்கள், ஒன்றும் ஆகவில்லை” என்று நாமும் சொல்லிக்கொண்டு மறுநாளும் ஊற்றுவோம். சோர்வு தெரிய மூன்று நாள், ஐந்து நாள் ஆகிறது. அதற்குள் சூப்பை எல்லோரும் மறந்துவிடுகிறோம். என் நாயை ரத்தம் ஏற்றித்தான் காப்பாற்றினார்கள். அந்த நண்பரும் “துண்டெல்லாம் எடுத்துவிட்டேனே” என்றுதான் தொடங்கினார். கடையில் வாங்கும் சூப் பொடியிலும் குழந்தைகளுக்கான சில உணவுகளிலும் வெங்காயப் பொடி இருக்கும். லேபிளைப் படியுங்கள்.

‘சர்க்கரை இல்லாதது’ என்றால் நல்லது என்று நம்புவது

சர்க்கரை சேர்க்காத சூயிங்கம், மிட்டாய், சில வகை வேர்க்கடலை வெண்ணெய் ஆகியவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கக்கூடும். மனிதருக்கு அதனால் தீங்கில்லை. நாயின் உடலிலோ அது இன்சுலினைத் திடீரென்று பெருக்கெடுக்க வைத்து, ரத்தச் சர்க்கரையை அரைமணி நேரத்திலேயே வீழ்த்திவிடக்கூடும். கிலோவுக்கு 0.1 கிராமே ஆபத்து. அளவு கூடினால் கல்லீரலும் கெடும். சில லேபிள்களில் ‘ஈ 967’ (E967) என்று மட்டும் போட்டிருப்பார்கள், அதுவும் சைலிட்டால்தான்.

‘ஒரு திராட்சைதானே’

பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. ஒரு நாய் கைப்பிடி தின்றுவிட்டு நன்றாக இருக்கும். இன்னொன்றுக்குச் சில பழங்களிலேயே சிறுநீரகம் செயலிழக்கும். உலர்திராட்சையும் அப்படித்தான்.

வேகவைத்த எலும்பு

கொடுக்காதீர்கள்.

உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பது

உப்பே நாயைக் கொன்றுவிடும். மருத்துவர் சொல்லாமல் வேறு எதையும் கொடுத்தும் வாந்தி வரவைக்காதீர்கள்.

‘மாலைவரை பார்க்கலாம்’

பார்க்க வேண்டாம். தின்றது எது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, நாயின் எடை என்ன என்பதை உடனே தொலைபேசியில் மருத்துவரிடம் சொல்லுங்கள். கிளம்பும்போது குப்பைத் தொட்டியில் கிடக்கும் உறையையும் எடுத்துக்கொண்டு போங்கள்.