மாட்டு டாக்டராகப் போகிறவர்கள் முதல் சில ஆண்டுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொட்டகைக்குள் நுழையும்போதே மாட்டுக்காரர் குடும்பம் மொத்தமும் சுற்றி நிற்கும். மாடு படுத்துக் கிடக்கும். "சீக்கிரம் ஏதாவது ஊசி போடுங்க டாக்டர்" என்பார் ஒருவர். பக்கத்து வீட்டுக்காரர் அதற்குள் வெந்நீர் வாளியைக் கொண்டுவந்து வைத்திருப்பார். படித்து முடித்துப் புதிதாக வரும் கால்நடை மருத்துவரின் தவறுகளில் பாதிக்கு மேல் இந்தச் சூழலில்தான் பிறக்கின்றன. பாடம் தெரிந்திருந்தும், கண் பார்த்து முடிக்கும் முன்னால் கை முந்திக்கொள்கிறது.

படிக்கும்போதே தொடங்குவது

தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு ஐந்தரை ஆண்டு. கடைசி ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி. அந்த ஓராண்டை நாய், பூனைப் பிரிவிலேயே ஓட்டிவிட்டு, பிறகு கிராமத்து மருந்தகத்தில் போய் உட்காருவதுதான் முதல் தவறு. மாட்டு வைத்தியம் கையால் கற்கும் தொழில். சினைப் பார்ப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். நகத்தை ஒட்ட வெட்டி, மோதிரத்தைக் கழற்றி, தோள்வரை கையுறை போட்டு, வழவழப்புக்குத் திரவம் தடவி, ஆசனவாய் வழியாகக் கையை நுழைத்து முதலில் கருப்பைக் கழுத்தைத் தேட வேண்டும். அது கையில் கிடைத்தால் கொம்புகளும் சினைப்பைகளும் வரிசையாகக் கிடைக்கும். மாடு முக்கும்போது எதிர்த்துத் தள்ளாமல், கையை அப்படியே நிறுத்திக் காத்திருக்க வேண்டும். கையுறையில் ரத்தம் தெரிந்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும். குடல் கிழிந்த மாடு பிழைப்பது அரிது. நூறு மாடாவது இப்படிப் பார்த்த பிறகே விரல்களுக்குக் கண் வரும்.

அந்தக் கண் வருவதற்குள் பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. "சினைக்கு வரலை" என்று உரிமையாளர் சொன்னதை நம்பி, சினை உண்டா இல்லையா என்று பார்க்காமலே, பருவத்துக்கு வரவைக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஊசியைப் போட்டுவிடுவார்கள். இரண்டு மாதச் சினை அப்படியே கலைந்துபோகும். இந்த மருந்து தோல் வழியாகவும் உடலுக்குள் இறங்கும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அதைத் தொடவே கூடாது.

பட்டம் வாங்கியவுடன் மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் 1984-ன்படி, பதிவு இல்லாமல் சிகிச்சை செய்யவோ சான்றிதழில் கையெழுத்துப் போடவோ முடியாது.

எங்கே நிற்பது

மாடு குதிரையைப் போல நேர் பின்னால் மட்டும் உதைப்பதில்லை. பின்னங்காலை முன்னே கொண்டுவந்து, பக்கவாட்டில் வளைத்து வீசும். தொடையிலிருந்து ஓர் அடி, இரண்டடி தள்ளி நிற்பவருக்குத்தான் முழு வேகத்தோடு அடி விழும். உடம்போடு ஒட்டி நில்லுங்கள், இல்லையென்றால் கால் எட்டாத தூரத்துக்குப் போய்விடுங்கள். மூக்கணாங்கயிறு பிடிக்கும் ஆள் நீங்கள் நிற்கும் பக்கமே நிற்க வேண்டும். அவர் கயிறை இழுத்தால் மாட்டின் தலை உங்கள் பக்கம் திரும்பும், பின்பகுதி உங்களை விட்டு விலகும். எதிர்ப்பக்கம் நின்று இழுத்தால் பின்கால் உங்கள் மேலேயே வரும். வயதில் பெரியவர் கயிறு பிடித்திருந்தாலும் "ஐயா, இந்தப் பக்கம் வந்து பிடிங்க" என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

வாய்க்குள் கை விடுவது

தவறுகளிலேயே உயிரைக் குடிப்பது இதுதான். எச்சில் வடிகிறது, தீனி இறங்கவில்லை, "தொண்டையில மாங்கொட்டை மாட்டிக்கிச்சு போல" என்கிறார்கள். வெறுங்கையை வாய்க்குள் விட்டுத் துழாவுகிறார் புது டாக்டர். மாட்டுக்கு வெறிநோய் வந்தாலும் இதே அறிகுறிகள்தான்.

கையை விடும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். கடந்த சில மாதங்களில் நாய் கடித்ததா? குரல் கரகரத்து, ஓயாமல் கத்துகிறதா? பின்னங்கால் தள்ளாடுகிறதா? சாணி வராமலே முக்கிக்கொண்டிருக்கிறதா? ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் கை வெளியிலேயே இருக்கட்டும். அந்த வீட்டில் யாரெல்லாம் அதன் வாயில் கை வைத்தார்கள் என்று விசாரித்து, அவர்களை அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள்.

உங்களுக்கான தடுப்பூசியைப் படிக்கும் காலத்திலேயே முடித்திருக்க வேண்டும்: 0, 7, பிறகு 21 அல்லது 28-ஆம் நாள் என மூன்று தவணை. அதற்குப் பிறகும் சந்தேகமான மாட்டின் எச்சில் காயத்திலோ கண், வாயிலோ பட்டுவிட்டால் 0, 3-ஆம் நாட்களில் இரண்டு ஊசி போட்டாக வேண்டும். "முன்னாடியே போட்டிருக்கேனே" என்று இருந்துவிடாதீர்கள்.

கால்சியம் பாட்டில்

கன்று ஈன்ற மூன்று நாளுக்குள், மூன்றாவது நான்காவது ஈத்துக் கலப்பின மாடு எழுந்திருக்காமல் படுத்துவிடுகிறது. தலையை விலாப்பக்கம் மடித்து வைத்திருக்கிறது, காது சில்லென்று இருக்கிறது, மூக்குத்தோல் காய்ந்திருக்கிறது. பேர்தான் பால் காய்ச்சல்; ரத்தத்தில் கால்சியம் குறைவதால் வருவது. உடல் வெப்பம் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இருக்கும். 25 சதவீதக் கால்சியம் போரோகுளுக்கோனேட் 450 மில்லியை நரம்பில் ஏற்றினால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து நிற்கும். ஊரில் மாட்டு டாக்டருக்குப் பேர் வாங்கித் தரும் வைத்தியம் இது. சரியாகச் செய்யாவிட்டால் ஊசி கழுத்தில் இருக்கும்போதே மாடு செத்துப்போவதும் இதில்தான்.

காரணம் இதயம். கால்சியம் வேகமாக ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடும். பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஏற்றி முடிக்கப் பதினைந்து நிமிடமாவது ஆக வேண்டும். ஒரு கை பாட்டிலில் இருந்தால், ஸ்டெதஸ்கோப் இடது முழங்கைக்குப் பின்னால் நெஞ்சில் இருக்கட்டும். துடிப்பு தவறினால் உடனே நிறுத்துங்கள், சீரான பிறகு பாதி வேகத்தில் தொடருங்கள். ஏப்பம் விடுவது, தசை நடுங்குவது, மூக்கில் வேர்வை அரும்புவது, சாணி போடுவது எல்லாம் நல்ல அறிகுறிகள்.

பாட்டிலைத் தொங்கவிடும் முன் மடியைப் பிழிந்து பார்க்காமல் விடுவது இன்னொரு தவறு. கடுமையான மடிநோயில் நஞ்சேறிய மாடும் இப்படித்தான் படுத்திருக்கும். அதன் இதயம் ஏற்கெனவே தளர்ந்திருப்பதால் கால்சியம் தாங்காது. நான்கு காம்பிலும் ஒரு பீச்சு பால் எடுத்துப் பாருங்கள். மஞ்சள் நீர் போலவோ ரத்தம் கலந்தோ வந்தால் கணக்கே வேறு.

முதல் பாட்டிலில் எழவில்லை என்று உடனே இரண்டாவதை மாட்டாதீர்கள். ஈனும்போது இடுப்பு நரம்பு நசுங்கியிருக்கலாம், தொடை மூட்டு நழுவியிருக்கலாம். சிமென்ட் தரையில் ஒரே பக்கமாகப் பல மணி நேரம் கிடந்தால் தொடைத் தசையே செத்துவிடும். மணலோ வைக்கோலோ கனமாகப் பரப்பி, சில மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவையுங்கள். முதல் இரண்டு நாள் மடியை ஒட்டக் கறக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள். சொல்லாமல் வந்தால் மறுநாளே திரும்பக் கூப்பிடுவார்கள்.

இந்த நிலையில் இருக்கும் மாட்டுக்கு மூங்கில் குழாயில் கருப்பட்டித் தண்ணீரோ மருந்தோ ஊற்ற விடாதீர்கள். அதற்கு விழுங்கும் சக்தி இருக்காது. தலையைத் தூக்கிப் பிடித்து, நாக்கை வெளியே இழுத்து ஊற்றுவது நேராக நுரையீரலுக்குள் போகும். கால்சியத்தால் எழுந்த மாடு நான்காம் நாள் நிமோனியாவில் போய்விடும்.

கன்றை இழுப்பது

பிரசவக் கேஸில் "இழுங்கடா" என்று நான்கு பேரைக் கயிற்றில் விடுவது பழைய வழக்கம். அவர்கள் கயிற்றைத் தொடும் முன் உங்கள் கை உள்ளே போய்த் திரும்பியிருக்க வேண்டும். பிறப்புப் பாதையின் மடிப்புகள் திருகியிருக்கிறதா? திருகியிருந்தால் அது கருப்பைத் திருகல். எருமையில் இது அதிகம். மாட்டைப் படுக்கவைத்து, திருகிய திசையிலேயே உருட்டித் திருகலை எடுத்தால்தான் வழி திறக்கும். அதற்கு முன் இழுத்தால் கருப்பை கிழியும்.

அடுத்து, கைக்கு வந்திருப்பது முன்னங்காலா பின்னங்காலா? குளம்பிலிருந்து மேலே தடவிப் போனால் வரும் முதல் இரண்டு பெரிய மூட்டுகளும் ஒரே பக்கம் மடங்கினால் முன்னங்கால், எதிரெதிராக மடங்கினால் பின்னங்கால். இரண்டு முன்னங்கால் வந்து தலை வரவில்லையா? தலை பின்னால் திரும்பியிருக்கிறது. கன்றை உள்ளே தள்ளி இடம் உண்டாக்கி, தலையை நேராக்கிய பிறகே இழுக்க வேண்டும்.

நேரானதும் கயிறைக் கணுமூட்டுக்கு மேலே ஒரு சுருக்கு, கீழே ஒரு அரைச்சுருக்கு என்று போடுங்கள். ஒரே இடத்தில் கட்டினால் கால் எலும்பு முறியும். துணி சோப்பை உள்ளே போடாதீர்கள், சவ்வு வெந்துவிடும். லிக்விட் பாராஃபின் தாராளமாகப் போதும். மாடு முக்கும்போது இழுங்கள், ஓயும்போது நீங்களும் ஓயுங்கள். இரண்டு ஆள் பலத்துக்கு மேல் தேவைப்பட்டால் அது இழுத்துத் தீரும் கேஸ் இல்லை; அறுவைக்கு ஏற்பாடு செய்யுங்கள். கன்றின் நிலை சரியாகாமல், கருப்பை வாய் திறக்காமல், கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி போடுவது மூடிய கதவை உள்ளிருந்து இடிப்பது மாதிரி. கருப்பைதான் வெடிக்கும்.

கன்று வந்த பிறகு ஒருமுறை கையை உள்ளே விட்டு, இன்னொரு கன்று இருக்கிறதா, கிழிசல் உண்டா என்று பாருங்கள். களைப்பில் இதை மறக்காத புது டாக்டர் குறைவு.

நஞ்சுக்கொடி 12 மணி நேரம் வரை தானாக விழ விடுங்கள். அதற்கு மேல் தங்கினாலும் பிய்த்து இழுக்கக் கூடாது. கையுறை இல்லாமல் நஞ்சுக்கொடியைத் தொடும் மருத்துவருக்குப் புரூசெல்லா காய்ச்சல் வந்து, மூட்டுவலியோடு மாதக்கணக்கில் படுக்கவைக்கும். நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் சீம்பால் கொடுக்க வேண்டும் என்ற வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அதை அங்கேயே நின்று மாற்றுங்கள். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர் சீம்பால், பிறந்த சில மணி நேரத்துக்குள் போக வேண்டும். நேரம் போகப் போகக் கன்றின் குடல் நோய் எதிர்ப்புப் புரதத்தை உள்ளே விடுவது குறைந்து, ஒரு நாளில் நின்றே போகும்.

எடையும் மருந்தும்

கண் மதிப்பில் மருந்து போடுவது பரவலான கெட்ட பழக்கம். ஒரு அளவு நாடா பையில் இருந்தால் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். சுற்றளவு 66, நீளம் 56 என்றால் சுமார் 370 கிலோ.

சைலசின் மயக்க மருந்தில் மாடு குதிரையை விடப் பத்து மடங்கு பலவீனம். குதிரைக்குக் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் தேவைப்படும் இடத்தில் மாட்டுக்கு 0.1 மில்லிகிராமே படுக்கவைத்துவிடும். நிறைசினை மாட்டுக்கு அதையும் தவிர்க்கப் பாருங்கள்.

வலிக்கு டைக்ளோஃபெனாக் போடும் பழக்கத்தை யாரிடமிருந்தும் கற்றுக்கொள்ளாதீர்கள். கால்நடைக்கு அது 2006-லேயே தடை செய்யப்பட்டது. 2023-ல் அசெக்ளோஃபெனாக், கீட்டோப்ரோஃபென், பின்னர் நிமெசுலைடு ஆகியவையும் சேர்ந்தன. இந்த மருந்து உடலில் இருக்கும்போது செத்த மாட்டைத் தின்னும் பாறு கழுகின் சிறுநீரகம் செயலிழக்கும். நீலகிரியை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்கைச் சுற்றி மிஞ்சியிருக்கும் கழுகுகளுக்கு நம் ஊசி மருந்துப்பெட்டிதான் எமன். மெலாக்சிகாம் கிலோவுக்கு அரை மில்லிகிராம் போதும், கழுகுக்கும் கேடில்லை.

ஒரே ஊசியை அடுத்தடுத்த மாட்டுக்குப் போடுவதும் வேண்டாம். அனாபிளாஸ்மா போன்ற ரத்த நோய்களை டாக்டரே வீடு வீடாகக் கொண்டுபோன கதையாகும். கோமாரி வந்த தெருவில் நுழைந்தால் வெளியேறும்போது பூட்ஸைச் சலவைச் சோடாக் கரைசலில் கழுவுங்கள்: 10 லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம்.

பொங்கலுக்கு மறுநாள்

மாட்டுப் பொங்கல் முடிந்ததும், கல்யாண வீட்டு மிச்சச் சோறு வந்ததும் வயிறு உப்பிய கேஸ்கள் வரிசையாக வரும். "உப்புசம்" என்று இடது பக்கத்தைக் குத்திவிடுவது அவசரத் தவறு. சோறு அதிகம் தின்ற மாட்டின் வயிற்றில் அமிலம் கூடியிருக்கும், உள்ளே நீர் தளும்பும், காற்று குறைவு. குழாய் விட்டுக் கொஞ்சம் வயிற்று நீர் எடுத்து பி.ஹெச். தாளில் தொட்டுப் பாருங்கள். 5.5-க்குக் கீழே என்றால் அமிலத்தை முறிப்பதும் நரம்பில் திரவம் ஏற்றுவதும்தான் வைத்தியம். துளை போட்டால் அழுகிய சோற்று நீர் வயிற்றறைக்குள் கசிந்து கேஸ் கெடும்.

செத்த மாட்டிடம்

திடீரென்று செத்த மாட்டின் மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுப்பு ரத்தம் கசிந்தால் கத்தியை எடுக்காதீர்கள். அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். உடலை அறுத்துக் காற்றுப் பட்டால் கிருமி வித்துகளாக மாறி, அந்த மண்ணில் பல பத்தாண்டு கிடக்கும். காதோர நரம்பிலிருந்து ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி ஆய்வகத்துக்கு அனுப்பி, உடலைச் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்கச் சொல்லுங்கள். துறைக்கும் அன்றே தகவல் போக வேண்டும்.

அடைப்பான் சந்தேகம் இல்லாத, காப்பீடு உள்ள மாடு என்றால் உடலை அறுக்கும் முன் காதில் இருக்கும் 12 இலக்கத் தோட்டைப் படித்துப் பாலிசியோடு ஒப்பிட்டு, தோடும் முகமும் ஒன்றாகத் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். தோடு இல்லாத மாட்டுக்கு, உரிமையாளர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், இருந்ததாக எழுதித் தராதீர்கள்.