குடியை விடும் முதல் நான்கு நாள்: வீட்டார் கவனத்துக்கு

காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, ஒரு 'நயன்ட்டி' (90 மி.லி. மது) உள்ளே போனால்தான் அடங்குகிறது என்ற நிலையில் இருப்பவரை வீட்டில் பூட்டிவைத்துக் குடியை நிறுத்தாதீர்கள். பெங்களூரின் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் சபரிமலைக்கு மாலை போட்ட அன்றே நிறுத்துகிறவர்களுக்கும் இதே ஆபத்துதான். மதுவின் அமுக்கத்தை எதிர்த்தே ஓடிப் பழகிய மூளை, அது திடீரென்று விலகியதும் தறிகெட்டு ஓடும்.

கடைசியாகக் குடித்து 6 முதல் 12 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, வாந்தி. 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரைதான் மிகவும் மோசம்: பூச்சி ஊர்கிறது என்பார், இடம் பொழுது தெரியாது, காய்ச்சலடிக்கும். பேய் பிடித்துவிட்டது என்று வேப்பிலை அடிக்கப் போகாதீர்கள். இது உயிரைக் குடிக்கும் நிலை, அப்போதே மருத்துவமனை.

எனவே, நிறுத்தும் முன்பே ஓசூர் சாலையிலுள்ள நிமான்ஸ் மனநல மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ கூட்டிப்போங்கள். தினமும் எத்தனை குவார்ட்டர் (ஒன்று 180 மி.லி.), கடைசியாகக் குடித்த நேரம், முன்பு வலிப்போ மஞ்சள் காமாலையோ வந்ததா, இப்போது என்னென்ன மாத்திரை என்று எழுதி எடுத்துப் போங்கள். மருந்தின் அளவு இதை வைத்துத்தான் முடிவாகும். டயசிபாம், லோராசிபாம் போன்ற, மூளையை அமைதிப்படுத்தும் மருந்துகளைக் கொடுத்து நாளுக்கு நாள் குறைப்பார்கள். இவற்றை மெடிக்கலில் நீங்களே வாங்கிக் கொடுக்க வேண்டாம். மதுவோடு சேர்ந்தால் மூச்சு நின்றுவிடலாம்.

சோர்ந்து கிடக்கிறாரே என்று தெருமுனை கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றச் சொல்வது வழக்கம். அதற்கு முன் தயமின், அதாவது வைட்டமின் பி1 ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள். நாள்பட்டுக் குடிப்பவர் உடம்பில் அது வற்றியிருக்கும். வெறும் குளுக்கோஸ் மிச்சத்தையும் தீர்த்துவிட, நினைவாற்றல் நிரந்தரமாகப் போகலாம்.

வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுக்காதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உடனே 108.

அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் 'குடி மறக்கும் மருந்து' கலப்பது கொடிய தவறு. அது டைசல்ஃபிராமாக இருந்தால், அதன்மேல் குடிக்கும்போது ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் பார்வையில் சாப்பிட வேண்டிய மாத்திரை அது.

எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14446, போதை மீட்புக்கான தேசிய உதவி எண். அரசின் மனநலத் தொலைபேசி சேவையான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.