கடைப் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்: உள்நாட்டுப் போர் டோக்கன் வாங்குவதில் நேரும் தவறுகள்

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தங்கம், வெள்ளிக் காசுகளோடு ஒரு சென்ட் காசையும் மக்கள் பதுக்கினார்கள். சில்லறைக்குத் திண்டாடிய கடைக்காரர்கள் தங்கள் பெயரில் காசு போன்ற டோக்கன் அடித்துப் புழக்கத்தில் விட்டார்கள். 1863ஆம் ஆண்டு பொறித்தவைதான் அதிகம் கிடைக்கும்.

புதிதாகச் சேகரிப்பவர்கள் கடைப் பெயரை மட்டும் பார்த்து விலை பேசிவிடுகிறார்கள். சின்சினாட்டி போன்ற ஊர்களில் அச்சு வெட்டுபவர்கள் ஒரே கடையின் அச்சைப் பல பின்பக்க அச்சுகளோடு சேர்த்து அடித்தார்கள். அதனால் ஒரே கடையின் டோக்கன் ஒன்று மலிவாகவும் இன்னொன்று அரிதாகவும் இருக்கும். இந்த டோக்கன்களின் பட்டியல் நூலில் ஒவ்வொரு வகைக்கும் தரப்பட்ட ஃபுல்ட் எண்ணில் ஊர், கடை, பின்பக்க அச்சு, உலோகம் எல்லாம் அடக்கம். அந்த எண் முழுதாகத் தெரியாமல் பணம் கொடுக்காதீர்கள். எவ்வளவு அரிது என்பதைச் சொல்லும் ஆர் அளவில், ஆர்-1 என்றால் 5,000க்கு மேல் இருப்பவை, ஆர்-10 என்றால் ஒன்றே ஒன்று. ஆனால் அரிதாக இருந்தாலும் கேட்பார் இல்லையென்றால் விலை ஏறாது.

நிறத்தைப் பார்த்து உலோகத்தைச் சொல்வது அடுத்த தவறு. நாள்பட்டு நிறம் மாறிய பித்தளை செம்பு போலவே தெரியும். டோக்கனைத் தண்ணீரில் அமிழ்த்திச் சோதிக்கலாம்: நூலில் கட்டிய டோக்கனை, தராசில் வைத்த தண்ணீர்க் குவளையில் அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, கூடும் எடையால் டோக்கனின் எடையை வகுக்க வேண்டும். செம்புக்கு 8.9, பித்தளைக்கு 8.5 அளவில் வரும். 3 கிராம் டோக்கனில் இந்த வித்தியாசம் 16 மில்லிகிராம்தான், 0.01 கிராம் காட்டும் தராசு இதற்கு உதவாது, மில்லிகிராம் தராசு வேண்டும். ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழியும் கணக்கைக் கெடுக்கும்.

'ஒன் சென்ட்' என்று பெரிதாக இருந்தால் அரசுக் காசு என்று நினைத்துவிடாதீர்கள். அதன் மேலே 'நாட்' ('அல்ல') என்று பொடி எழுத்தில் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். கள்ளநாணயச் சட்டத்திடமிருந்து தப்ப அடித்தவர்கள் கண்ட வழி அது. 1837 என்று இருந்தால் அது முந்தைய பொருளாதார நெருக்கடிக் காலத்து டோக்கன், இந்த வகை அல்ல. தனியார் காசுகளை 1864இல் சட்டம் தடை செய்தது.

புளி, எலுமிச்சை, பற்பசை எதுவும் வேண்டாம். இளஞ்சிவப்பாகப் பளபளக்கும் செம்பு தேய்த்தது என்று சேகரிப்பாளர்கள் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். மென்மையான பிவிசி உறையும் ஆகாது; அதிலிருந்து கசிவது செம்பில் பச்சைப் பிசுக்காகப் படியும். அந்தப் பிசுக்கைத் தூய அசிட்டோனில் (நகப்பூச்சு நீக்கி அல்ல) கண்ணாடிக் கிண்ணத்தில் ஊறவைத்து, தேய்க்காமல் எடுக்கலாம். பக்கத்தில் நெருப்பு கூடாது, ஜன்னல் திறந்திருக்கட்டும். பிறகு மைலார் என்ற பாலியெஸ்டர் உறையில் போடுங்கள்.