கன்று நடும் முன் மணல் எங்கே போனதென்று பாருங்கள்

எங்கள் நகரக் கடற்கரையைக் கடல் அரிக்கத் தொடங்கியபோது நாங்கள் முதலில் செய்தது கன்று நட்டதுதான். முப்பது பேர் சேர்ந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை நட்டோம். அடுத்த புயல் பருவத்தில் கன்றுகளும் போயின, அவை நின்ற மேடும் போனது. அந்த வெறும் கரை இன்னும் என் மனதில் இருக்கிறது. நீங்களும் அதே வரிசையில் தொடங்கிவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கடற்கரைக்கு வரவு செலவு உண்டு. சாய்வாக வந்து மோதும் அலைகள் மணலைக் கரையோரமாகவே ஒரு திசையில் தள்ளிக்கொண்டு போகும். போகிற மணலுக்கு ஈடாகப் பின்னாலிருந்து மணல் வந்தால் கரை அப்படியே இருக்கும், வராவிட்டால் தேயும். அதனால் முதல் வேலை நடப்பது. இரண்டு பக்கமும் சில கிலோமீட்டர் நடந்து பாருங்கள். கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவோ துறைமுகச் சுவரோ கடலுக்குள் நீண்டிருக்கிறதா? அதன் ஒரு பக்கம் மணல் குவிந்து மறுபக்கம் கரை உள்வாங்கியிருந்தால், உங்கள் மணல் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிட்டது. கரைக்கு மணல் கொண்டுவரும் ஆற்றில் மேலே அணை இருக்கிறதா, மணல் அள்ளுகிறார்களா என்றும் விசாரியுங்கள். மழைநீர் வடிகால் கடலில் விழும் இடத்தையும் பாருங்கள். நகரங்களில் அந்தக் குழாய் வாய் ஒன்றே கரையைப் பள்ளமாக அறுத்துவிடும்.

அடுத்தது அளப்பது. இதற்குப் பெரிய கருவி வேண்டாம். எமரி என்ற ஆய்வாளர் 1961இல் எழுதி வைத்த முறையை நாங்கள் இன்றும் பயன்படுத்துகிறோம். ஒரே உயரமுள்ள இரண்டு கழிகளில் சென்டிமீட்டர் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் மேட்டுப் பக்கமும் மற்றவர் கடல் பக்கமும், நடுவில் எப்போதும் ஒரே இடைவெளி விட்டு, கழியைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். மேலே நிற்பவர், கடல்பக்கக் கழியின் நுனியும் தொடுவானமும் ஒரே கோட்டில் தெரியும்படி கண்ணை வைத்துப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கோடு தன் கழியை நுனியிலிருந்து எவ்வளவு கீழே வெட்டுகிறதோ, அவ்வளவு தாழ்ந்திருக்கிறது தரை. இப்படியே படிப்படியாகத் தண்ணீர்வரை இறங்குங்கள். மாதம் ஒருமுறை, அசையாத ஓர் அடையாளத்திலிருந்து தொடங்கி, குறைந்தது ஓராண்டாவது அளக்க வேண்டும். புயல் பருவத்தில் சுருங்கும் கரை அமைதிப் பருவத்தில் தானாகவே விரியும். அந்த ஏற்ற இறக்கத்தை நிரந்தர அரிப்பென்று நினைத்துக் கல் கொட்டிச் சுவர் எழுப்பிய இடங்கள் உண்டு. சுவரில் மோதித் திரும்பும் அலை அடிவாரத்து மணலைத் தோண்டிவிடும். சுவர் நிற்கும், கரை இருக்காது.

சரி, காரணம் தெரிந்துவிட்டது. இனி கரைக்கு இடம் கொடுக்க வேண்டும். நகரத்தில் மிகக் கடினமான பகுதி இதுதான். மணல் மேடு முன்னும் பின்னும் நகர இடமில்லாமல் சாலையும் வண்டி நிறுத்துமிடமும் நெருக்கிக்கொண்டிருக்கும். பின்னுக்கு எடுக்க முடிந்ததை எடுத்துவிடுங்கள். கட்டடத்தின் அடித்தளத்தையே அலை தொடும் இடத்தில் செடியை மட்டும் நம்பாதீர்கள். அங்கே பொறியாளரோடு சேர்ந்து கல்லும் மணலும் கலந்த வழியைத்தான் பார்க்க வேண்டும். அனுமதி வேலையையும் இப்போதே தொடங்குங்கள், அதற்கு நாளாகும்.

மணல் கொட்டுவதாக இருந்தால், அது உங்கள் கரை மணலின் அளவிலோ கொஞ்சம் பருமனாகவோ இருக்க வேண்டும். நுண்மணலைச் சில புயல்களே கொண்டுபோய்விடும். நெதர்லாந்தில் 2011இல் ஒரே இடத்தில் 2.15 கோடி கனமீட்டர் மணலைக் கொட்டி, அதை அலையும் காற்றும் கரையெங்கும் பரப்பட்டும் என்று விட்டார்கள். நம் அளவு சிறியதாக இருக்கலாம், ஆனால் கடலின் ஓட்டத்தையே வேலைக்காரனாக வைத்துக்கொள்ளும் அந்த யோசனை எந்தக் கரைக்கும் பொருந்தும்.

உலர்ந்த மணலைப் பிடிக்க, கிளைகளையோ ஓலைகளையோ வைத்து இடுப்புயரத்துக்கு வேலி கட்டுங்கள். பாதி அடைப்பும் பாதி இடைவெளியுமாக இருக்கட்டும். முழுக்க அடைத்தால் காற்று சுழன்று மணலைத் தோண்டும். பாதி புதைந்ததும் மேலே இன்னொரு வேலி போடுங்கள். இதற்குப் பிறகுதான் செடி. வெப்பமண்டலக் கரையென்றால் அடும்புக்கொடி, இராவணன் மீசை போன்றவை. மணல் மூடமூட மேலே வளரும் செடிகள் இவை. சவுக்கை முன்வரிசையில் நடாதீர்கள், அதன் நிழலிலும் சருகிலும் மணல் செடிகள் வளராது. கரை ஒதுங்கும் கடற்பாசியை அப்படியே விடுங்கள், குப்பையை மட்டும் கையால் பொறுக்குங்கள். இயந்திரத்தால் சீவினால் முளைவிடும் மேடு அதோடு போய்விடும். நடைபாதையைக் கடலுக்கு நேராக வெட்டாமல் வளைத்து விடுங்கள். நேர்ப்பாதை வழியாகக் காற்றும் அலையும் நேரே உள்ளே வரும்.

உங்களுடையது அலை குறைந்த கழிமுகமோ சேற்றுக் கரையோ என்றால் வழி வேறு. அலையாத்தி மரங்கள் அங்கே நன்றாகக் காக்கும், ஆனால் தரை மட்டம் சரியாக இருந்தால் மட்டும். சராசரி கடல் மட்டத்துக்குக் கீழே நட்டால் வேர் மூச்சு முட்டிக் கன்று சாகும். இந்தோனேசியாவின் தெமாக் கடலோரத்தில் கிளைகளைக் கட்டி, தண்ணீர் புகுந்து வெளியேறும் தடுப்புகளை வைத்தார்கள். அவற்றுக்குப் பின்னால் அலை தணிந்து சேறு படிய வேண்டும், தரை உயர்ந்த இடத்தில் விதைகள் தானே வந்து முளைக்க வேண்டும் என்பதுதான் திட்டம். அருகில் தாய்மரங்கள் இருந்தால் நீங்களும் முதலில் தரையை உயர்த்திவிட்டுக் காத்திருங்கள்.

ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் வேலியைச் சரிபார்த்து, சாய்ந்ததை மறுபடி கட்டுங்கள். அப்புறம் அந்த இரண்டு கழிகளையும் எடுத்துக்கொண்டு பழைய அடையாளத்திலிருந்து அளக்கத் தொடங்குங்கள்.