டாங்கோ வாசிக்கும்போது மரியாதை பார்க்காதீர்கள்

சென்ற மாதம் பெர்லினில் ஒரு மாணவர் குழுவின் ஒத்திகைக்குப் போயிருந்தேன். வயலின், பியானோ, எலெக்ட்ரிக் கிட்டார், டபுள் பாஸ், பொத்தான்கள் கொண்ட துருத்தி வாத்தியமான பந்தோனியோன். அர்ஜென்டினாவின் டாங்கோ இசையமைப்பாளர் ஆஸ்டர் பியாசோலா 1960இல் புவெனஸ் அயர்ஸில் தொடங்கிய ஐவர் குழுவில் இருந்த அதே ஐந்து வாத்தியங்கள். ஐந்து பேரும் நன்றாகப் பயின்றவர்கள். ஆனாலும் பத்தே நிமிடத்தில் என் கை நெற்றிக்குப் போய்விட்டது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எங்கள் டாங்கோ குழுவில் நாங்கள் செய்த தவறுகளை, ஏறக்குறைய அதே வரிசையில், அவர்களும் செய்துகொண்டிருந்தார்கள்.

சுருதி சேர்ப்பதையும் பக்கம் திருப்புவதையும் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அதையெல்லாம் உங்கள் ஆசிரியரே சொல்லியிருப்பார். கீழே இருப்பவை டாங்கோ குழுக்கள் செய்யும் தவறுகள்.

டிரம்ஸ் சேர்ப்பது

வேண்டாம். கஹோன் என்னும் தட்டுப் பெட்டியும் வேண்டாம்.

நைலான் தந்தி கிட்டார்

கேட்காது. அந்த ஐவர் குழுவில் இருந்தது எலெக்ட்ரிக் கிட்டார்.

எல்லோரும் எல்லா இடத்திலும் அழுத்துவது

பியாசோலா இசையின் எட்டு எண்ணிக்கை பெரும்பாலும் மூன்று, மூன்று, இரண்டு என்று பிரியும். ‘தகிட தகிட தக’ என்று சொல்லிப் பார்த்தால் நமக்கு உடனே பிடிபட்டுவிடும். ஆபத்தே அதற்குப் பிறகுதான். பிடிபட்ட மகிழ்ச்சியில் ஐந்து பேரும் அந்த மூன்று அழுத்தங்களையே குத்திக்கொண்டிருப்பார்கள். ஒருவர் நான்கு அடியாக நேராக நடக்க, மற்றொருவர் அதன் மேல் தகிட போடும்போதுதான் உரசல் பிறக்கிறது. எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் அது அணிவகுப்பு.

பாஸ் வாசிப்பவருக்கு இன்னொன்று. ‘அர்ராஸ்த்ரே’ என்னும் இழுவை, அடி விழுவதற்கு முன்பே தொடங்கி, அடி விழும் இடத்தில் வெட்டி நிற்க வேண்டும். அடியில் தொடங்கி அதற்குப் பின் இழுத்தால் தூக்கக் கலக்கத்தில் கொட்டாவி விட்டது போல இருக்கும்.

காத்திருப்பது

எங்கள் பணத்தையும் மானத்தையும் சேர்த்து வாங்கிய தவறு இது. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

ஓர் இசை விழாவுக்கு விண்ணப்பிக்க ஒலிப்பதிவு தேவைப்பட்டது. ஐவரும் பங்கு போட்டு ஓர் அரங்கை வாடகைக்கு எடுத்தோம். பியானோ சுருதி சேர்ப்பவருக்குத் தனிக் கூலி, ஒலிப்பதிவுப் பொறியாளருக்குத் தனிக் கூலி. எடுத்துக்கொண்ட பாடல் ‘மிலோங்கா டெல் ஆங்ஹெல்’. 1965இல் எழுதப்பட்ட, மெதுவாக நகரும் அழகான பாடல். பியாசோலாவின் குழு 1986இல் வெளியிட்ட பதிவில் அது ஆறரை நிமிடம் ஓடும்.

வயலின் நான். என் வரி வந்ததும் உருகிவிட்டேன். ஒரு சுரத்தில் சற்றுத் தங்கினேன். பியானோக்காரர் பண்பானவர், எனக்காகக் காத்திருந்தார். அவருக்காக பாஸ் காத்திருந்தார். இருவரும் நின்றதைப் பார்த்து, இன்னும் உருகச் சொல்கிறார்கள் போலும் என்று நான் மேலும் தங்கினேன். முடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தால் ஒன்பது நிமிடம் ஆகப்போகிறது. அப்போதும் எங்களுக்கு உறைக்கவில்லை. ஒருவரை ஒருவர் தட்டிக்கொடுத்துக்கொண்டோம்.

விழாவிலிருந்து மறுப்புக் கடிதம் வந்தது. அந்தப் பதிவை அர்ஜென்டினாவிலிருந்து வந்திருந்த ஒரு முதிய பாஸ் கலைஞரிடம் போட்டுக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொன்னார். “நீங்கள் ஒருவருக்கொருவர் மிகவும் மரியாதையாக நடந்துகொள்கிறீர்கள்” என்றார். பாராட்டு என்று நினைத்து நன்றி வேறு சொல்லித் தொலைத்தேன்.

கோளாறு எங்கள் பயிற்சியில் இருந்தது. மேற்கத்தியத் தந்தி வாத்திய நால்வர் குழுவில் வளர்ந்தவர்களுக்கு முதல் பாடமே, மற்றவரின் மூச்சைக் கேள், அவருக்கு இடம் கொடு என்பதுதான். பிராம்ஸ் போன்றவர்களின் செவ்வியல் இசைக்கு அது உயிர். டாங்கோவில் மெட்டு வாசிப்பவர் பிந்தலாம், முந்தலாம், ஒரு சொல்லைப் பல்லுக்கிடையில் வைத்துப் பேசுவது போல வாசிக்கலாம். அடியில் தாளம் பிடிப்பவர்கள் தங்கள் வேகத்தை மாற்றக் கூடாது. அவர்கள் நகர்ந்துகொண்டே இருப்பதால்தான் இவர் பிந்துவது காதில் விழுகிறது. அவர்களும் சேர்ந்து நின்றுவிட்டால் பிந்துவதற்கு எதுவுமே இல்லை, பாட்டு வெறுமனே மெதுவாகிவிடுகிறது.

நேரத்தை அடகு வைக்கலாம்; ஆனால் அந்த வரி முடிவதற்குள் மீட்டுவிட வேண்டும். வட்டி ஏறவிட்டால் அடுத்த வரியும் மூழ்கும்.

வெட்கக்கேடு என்னவென்றால் நான் கர்நாடகக் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்தவன். நிரவலில் பாடகர் எவ்வளவு நீட்டினாலும் மிருதங்கக்காரர் தாளத்தை நிறுத்திவைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். மேற்கத்திய இசைக்காக வில்லைக் கையில் எடுத்ததும் அந்த அறிவு எங்கே போனதோ தெரியவில்லை.

நாங்கள் இதைத் திருத்திக்கொண்ட விதம் சுவையானது அல்ல. மூன்று வாரம் பாஸும் பியானோவின் இடது கையும் மட்டும் மெட்ரோனோம் என்னும் தாளக் கருவியோடு வாசித்தார்கள். பிறகு மெட்ரோனோமை எடுத்துவிட்டு, நான் எங்கே இருக்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியாதபடி என்னை அடுத்த அறையில் நிறுத்தி, கதவை முக்கால்வாசி மூடினோம். எனக்கு அவர்கள் கேட்கும், அவர்களுக்கு நான் கேட்கமாட்டேன். இரண்டு முறை தொலைந்தேன். மூன்றாம் முறை வரியின் முடிவில் சரியாக வந்து சேர்ந்தேன்.

டாங்கோ பாடகர் ராபர்டோ கொயெனெச்சே பாடுவதைக் கேளுங்கள். பியாசோலாவோடு 1982இல் மேடையில் பாடிய பதிவு கிடைக்கிறது. அவர் பாடுவதைவிடப் பேசுவதே அதிகம். குழு அவருக்காக நிற்பதில்லை.

வித்தை காட்டுவது

தந்திகளைத் தாங்கும் வயலின் குதிரைக்குப் பின்னால், தந்தியைச் சுற்றியிருக்கும் நூலின் மேல் வில்லைத் தேய்த்தால் சில்வண்டு போல ஒலிக்கும். பெயரும் அதுவே, ‘சிச்சர்ரா’. நகத்தால் தந்தியைத் தட்டினால் சிறு முரசு. விரலை மேல்நோக்கி வீசி இழுத்தால் சாட்டை. டிரம்ஸ் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இவைதான். பந்தோனியோன்காரர் பெட்டியைத் தட்டுகிறார், பாஸ்காரர் மரத்தை அறைகிறார், ஐந்து பேருமே தாள வாத்தியக்காரர்கள். ஆனால் இவை தாளத்தின் வேலைக்காரர்கள், மெட்டின் மேல் ஏறி உட்காரக் கூடாது. நான் பார்த்த மாணவி ஒவ்வொரு இடைவெளியிலும் சில்வண்டைக் கத்தவிட்டாள். நான்காவது பக்கத்தில் எனக்குத் தோட்டத்தில் இருப்பது போல இருந்தது.

பந்தோனியோனுக்கு மூச்சு விடாமல் இருப்பது

அதன் 71 பொத்தான்களில் பெரும்பாலானவை துருத்தியை விரிக்கும்போது ஒரு சுரமும் மூடும்போது வேறொரு சுரமும் தரும். அதனால் டாங்கோ கலைஞர்கள் பெரும்பாலும் விரித்தபடி வாசித்துவிட்டு, காற்றுச் சாவியை அழுத்திச் சட்டென்று மூடிக்கொள்வார்கள். அந்த நொடி அவருக்கு வேண்டும். ஒத்திகையிலேயே அவை எங்கே வருகின்றன என்று எல்லோரும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அக்கார்டியன் வைத்துச் சமாளிப்பவர்கள் இந்த மூச்சே இல்லாமல் இழுத்துக்கொண்டு போவதால்தான் பாரிஸ் தேநீர்க்கடை வாசம் வந்துவிடுகிறது.

நிகழ்ச்சித் தாளில் ‘விவால்டி போல’ என்று எழுதுவது

விவால்டியின் ‘நான்கு பருவங்கள்’ ஒரே தொகுதி. பியாசோலாவின் நான்கு பருவங்களும் 1965க்கும் 1970க்கும் இடையில் தனித்தனியாகப் பிறந்தவை. ‘கோடை’ முதலில் ஒரு நாடகத்துக்காக எழுதப்பட்டது. புவெனஸ் அயர்ஸில் கோடை டிசம்பரில், ஐரோப்பாவின் குளிர்காலத்தில் வரும். இசையமைப்பாளர் லியோனித் தெஸ்யாத்னிகோவ் மாற்றியமைத்த வடிவத்தில் கோடைக்குள் விவால்டியின் குளிர்காலம் எட்டிப்பார்ப்பது அதனால்தான். நீங்கள் வாசிப்பது எந்த வடிவம் என்று தாளில் போடுங்கள்.

பதிப்புரிமை

பியாசோலா இறந்தது 1992இல். ஐரோப்பாவில் 2062 முடியும்வரை உரிமை இருக்கிறது. நீங்களே மாற்றியமைத்து வாசிக்கப்போகிறீர்களா? முதலில் உரிமையாளருக்குக் கடிதம் எழுதுங்கள்.

ரோஜாப் பூ

டாங்கோ என்றாலே ரோஜா என்பது தேய்ந்த வழக்கம். சுவரொட்டியில் வேண்டாம்.

லிபர்டாங்கோ

பியாசோலாவின் மிகப் பிரபலமான பாட்டு. கடைசியில் கேட்பார்கள். வாசித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.