காலையில் போட்ட பில் மாலையில் காணோம்: விண்டோஸ் 10-இல் என் அனுபவம்
விண்டோஸ் எக்ஸ்பி காலத்து 32-பிட் பில்லிங் மென்பொருள். சாதாரணமாகத் திறந்தால் இருக்கும் பில், ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்தால் இல்லை! கம்பாட்டிபிலிட்டி மோட் (பழைய விண்டோஸில் ஓடுவதுபோல் மென்பொருளை ஓட்டும் வசதி), ரீஇன்ஸ்டால் என்று மூன்று நாள் வீண்.

டாஸ்க் மேனேஜர், டீடெய்ல்ஸில் ‘யூஏசி விர்ச்சுவலைசேஷன்’ என்ற நெடுவரிசையைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: ‘எனேபிள்ட்’. அதாவது, மென்பொருள் இருந்த புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லாததால், விண்டோஸ் சத்தமில்லாமல் என் யூசர் ஃபோல்டரில் ஆப்டேட்டா > லோக்கல் > விர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்தில் தனி நகல் எழுதிவந்திருக்கிறது. அட்மினாகத் திறந்தால் இந்தத் திருப்பிவிடல் கிடையாது. பழைய ஃபைல்தான் தெரியும்.

இரண்டு இடத்தையும் பேக்கப் எடுத்துவிட்டு, மென்பொருளை நேரே சி டிரைவில் தனி ஃபோல்டரில் நிறுவினேன். விர்ச்சுவல்ஸ்டோரில் இருந்த டிபிஎஃப் ஃபைல்களை (பில் விவரங்கள் இருக்கும் டேட்டா ஃபைல்கள்) புதிய ஃபோல்டரில் இருந்தவற்றின் மேல் போட்டேன். கூடவே அவற்றின் இன்டெக்ஸ் ஃபைலான சிடிஎக்ஸும் போக வேண்டும், இல்லையென்றால் இன்டெக்ஸ் பொருந்தாது. கடைசியாக, ஃபோல்டரின் செக்யூரிட்டியில் யூசர்ஸுக்கு ‘மாடிஃபை’ அனுமதி கொடுத்தேன். இப்போது எப்படித் திறந்தாலும் ஒரே பில்தான்.